கித்தக்யூஷுவிலிருந்து சுரபாயாவுக்குப் போன உரக்கூடை

ஜப்பானின் கித்தக்யூஷுவும் இந்தோனேசியாவின் சுரபாயாவும் 2012-ல் சுற்றுச்சூழல் சகோதர நகரங்களாக ஒப்பந்தம் போட்டன. ஆனால் இரண்டு ஊரும் சேர்ந்து குப்பையில் கைவைத்தது 2004-லேயே. எட்டு வருடம் வேலை நடந்த பிறகே மேயர்கள் கையெழுத்துப் போட்டார்கள். உலகம் முழுக்கப் பல நகரங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன: முதலில் கையெழுத்து, பிறகு என்ன செய்யலாம் என்ற யோசனை. அந்த ஒப்பந்தங்களில் பல ஏன் கோப்போடு நின்றுபோகின்றன என்பதற்கு இந்த வரிசை மாற்றமே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

சுரபாயாவுக்கு அப்போது வேறு வழி இருக்கவில்லை. கெபுத்தி குப்பைக் கிடங்கைச் சுற்றியிருந்த மக்கள் எதிர்த்து நின்றதால் 2001-ல் அது மூடப்பட்டது. தெருக்களில் குப்பை குவிந்தது. நகரின் மேற்கே இருக்கும் பெனோவோ கிடங்கு மட்டுமே மிச்சம். 2005 வாக்கில் நாளொன்றுக்கு 1,500 டன் அளவுக்குக் குப்பை சேர்ந்தது. அதில் பாதிக்கு மேல் சமையலறையிலும் சந்தையிலும் சேரும் ஈரக் குப்பை. லாரியில் ஏற்றிக் கொண்டுபோனால் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

கித்தக்யூஷுவுக்கும் சொந்த அனுபவம் உண்டு. 1901-ல் யாவதா எஃகு ஆலை தொடங்கிய ஊர் அது. 1960-களில் அதன் தோகாய் விரிகுடாவை 'சாவுக் கடல்' என்றார்கள். காயப்போட்ட துணியில் படியும் கரியைப் பார்த்துச் சலித்த தோபாதா பகுதிப் பெண்கள் சங்கம் 'நீலவானம் வேண்டும்' என்று இயக்கம் நடத்தியது. தூசியைத் தாங்களே அளந்து ஆலைகளுக்கும் மாநகராட்சிக்கும் கொண்டுபோனது. விரிகுடாவைத் தூய்மையாக்கிய அறிவை மற்ற நாடுகளுக்குக் கொடுக்க 1980-ல் கீட்டா என்ற அமைப்பு உருவானது. ஆலைகளில் பணியாற்றிய பொறியாளர்களின் அனுபவம் இதன் வழியே பயிற்சியாகப் பல நாடுகளுக்குப் போயிற்று. சுரபாயா வேலையிலும் கீட்டாவே நடுவில் நின்றது.

அங்கே போனவர் கோஜி தகாகுரா. ஜே-பவர் என்ற ஜப்பானிய மின் குழுமத்தின் ஆய்வகத்தில் உரம் பற்றி ஆராய்ந்தவர். உள்ளூரில் புஸ்டகோட்டா என்ற தொண்டு நிறுவனம் ஏற்கெனவே உரம் செய்து பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு குவியல் உரமாக மாற மூன்று மாதம் எடுத்தது. மூன்று மாதம் என்றால் இடம் போதாது, நாற்றத்துக்கு அக்கம்பக்கம் பொறுக்காது. தகாகுரா ஜப்பானிலிருந்து இயந்திரமோ புட்டியில் அடைத்த நுண்ணுயிரோ கொண்டு போகவில்லை. உள்ளூர்ச் சந்தையில் கிடைத்த டெம்பே (புளிக்கவைத்த சோயா), தாபே (புளிக்கவைத்த அரிசி அல்லது மரவள்ளி), தயிர் போன்ற புளித்த உணவுகளிலிருந்தே நுண்ணுயிரை எடுத்தார். குவியல் ஒன்றிரண்டு வாரத்தில் உரமாயிற்று.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஒத்துழைப்பின் சாரமே இதற்குள் இருக்கிறது. முதலில் இரண்டு கரைசல்கள். ஒன்று சர்க்கரை கரைத்த நீரில் புளித்த உணவுகளைப் போட்டது. மற்றொன்று லேசாக உப்பிட்ட நீரில் காய்கறித் தோல், பழத்தோல் போட்டது. மூன்று முதல் ஐந்து நாள் ஊற வேண்டும். மூடியை இறுக்கக் கூடாது, வாயு வெளியேற வழி வேண்டும். இனிப்பும் புளிப்பும் கலந்த கள் வாசனை வந்தால் தயார். அழுகல் நாற்றம் வந்தால் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். நம் வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்கு டெம்பே தேவையில்லை. தயிரும் புளித்த இட்லி மாவும் போதும், அவற்றிலும் லாக்டிக் பாக்டீரியாவும் ஈஸ்டும் இருக்கின்றன.

அடுத்தது படுக்கை. உமியும் தவிடும் சம அளவு. தவிடு நுண்ணுயிருக்குத் தீனி, உமி காற்றுக்கு வழி. இரண்டு கரைசலையும் ஊற்றிப் பிசறி, ஈரம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். இதற்குக் கருவி வேண்டாம்: கையில் எடுத்து இறுக்கினால் உருண்டை பிடிக்க வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் ஈரம் அதிகம். துணியோ சாக்கோ போர்த்தி மூன்று முதல் ஐந்து நாள் விட்டால் சூடேறி, மேலே வெண்பூஞ்சை படரும். இந்தப் பூஞ்சையைக் கண்டு கெட்டுப்போயிற்று என்று தூக்கி எறிந்தவர்கள் நிறைய. அதுதான் சரியாக நடக்கிறது என்பதற்கு அடையாளம்.

கூடை, அழுக்குத் துணி போட்டு வைப்போமே, அந்தத் துளையுள்ள பிளாஸ்டிக் கூடைதான். உட்புறம் அட்டைப்பெட்டித் துண்டு. பூச்சி நுழையாமலும் சூடு போகாமலும் காக்கும். அடியில் வலைத்துணியில் உமி அடைத்த மெத்தை ஒன்று, அதன்மேல் கூடையில் பாதிக்குச் சற்று மேல் வரும் அளவுக்கு விதை உரமாக அந்தப் படுக்கை, அதற்கும் மேல் இன்னொரு உமி மெத்தை, பிறகு துணி, மூடி. ஒரு குடும்பத்தின் காய்கறிக் கழிவு, நாளொன்றுக்கு ஒரு கிலோ முதல் ஒன்றரை கிலோ வரை, சிறுசிறு துண்டாக நறுக்கி உள்ளே போட்டுக் கிளற வேண்டும். நன்றாக வேலை செய்யும் கூடையில் கைவைத்தால் சூடு தெரியும். இரண்டு மூன்று மாதத்தில் கூடை நிறையும். மூன்றில் இரண்டு பங்கை எடுத்து நிழலில் இரண்டு வாரம் ஆறவிட்டுச் செடிக்குப் போடலாம்; மீதி அடுத்த சுற்றுக்கு விதை.

கெட்டுப்போகும் விதங்களும் கிட்டத்தட்ட எல்லா ஊரிலும் ஒன்றே. குழம்பை, தேங்காய்ப்பாலை வடிக்காமல் கொட்டினால் ஈரம் ஏறி, காற்று அடைபட்டு, நாற்றமும் புழுவும் வரும். உமியோ கிழித்த அட்டையோ சேர்த்து, ஒரு நாள் எதுவும் போடாமல் கிளறிவிட்டால் மீளும். மீனும் இறைச்சியும் அதிகமானால் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை. சூடே ஏறவில்லை என்றால் காய்ந்துவிட்டது அல்லது தீனி போதவில்லை: தண்ணீர் தெளித்துத் தவிடு சேர்க்கலாம். எலும்பு, மக்காச்சோளத் தக்கை, தேங்காய் மட்டை எல்லாம் கூடைக்குள் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். மழைக்காலத்தில் கூடையைத் திறந்த வெளியில் வைத்தால் உமி மெத்தை ஊறிப்போய் அதன் வேலையே நின்றுவிடும்.

இத்தனை சின்னச் சின்னத் தவறுகளை யார் உட்கார்ந்து திருத்துவது? மாநகராட்சி அலுவலகத்தால் முடியாது. சுரபாயாவில் அதைச் செய்தவர்கள் பிகேகே என்னும் பெண்கள் அமைப்பினரும், ஒவ்வொரு கம்போங்கிலும் (நகரத்துக்குள் உள்ள குடியிருப்புப் பகுதி) பயிற்சி பெற்ற சுற்றுச்சூழல் தொண்டர்களும்தான். கூடை வாங்கிப்போன வீட்டுக்கு அவர்களே திரும்பப் போய்ப் பார்த்தார்கள். 2005-லிருந்து கம்போங்குகளுக்கிடையே தூய்மைப் போட்டியும் நடந்தது. அந்தச் சமயத்தில் நகரின் தூய்மை, பூங்காத் துறைக்குத் தலைவராக இருந்த ட்ரி ரிஸ்மஹாரினி 2010-ல் மேயரானார். குப்பையைத் தெருவில் நின்று பார்த்தவரே நிதி ஒதுக்கும் நாற்காலிக்கு வந்தது இந்த வேலை அறுந்துபோகாததற்கு முக்கியக் காரணம்.

2005-க்குப் பின் நான்கைந்து ஆண்டுகளில் கிடங்குக்குப் போகும் குப்பை சுமார் 30 சதவீதம் குறைந்தது. இதை முழுக்கக் கூடையின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள், அது சரியில்லை. மாநகராட்சி கொடுத்த கூடைகள் 17,000-க்கு மேல். அந்த 17,000 கூடையிலும் தினம் ஒன்றரை கிலோ விழுந்தாலும் மொத்தம் 25 டன்தான். குறைந்ததோ நாளுக்குச் சில நூறு டன். மீதி எங்கிருந்து வந்தது? சந்தைக் கழிவையும் பூங்கா இலைதழையையும் வாங்கிய மாநகராட்சி உரக்கூடங்கள் ஒரு பங்கு. ஈரத்தைப் பிரித்துவிட்டால் பிளாஸ்டிக்கும் காகிதமும் அழுக்காகாமல் விலைக்குப் போகும். அது இன்னொரு பங்கு. கூடை வீட்டில் செய்த பெரிய காரியம், குப்பையை இரண்டாகப் பிரிக்கும் பழக்கத்தை உண்டாக்கியது. கூடையை மட்டும் நகலெடுத்து, உரக்கூடமும் தொண்டர்களும் இல்லாமல் விநியோகித்தால், சில மாதத்தில் அது மறுபடி துணிக்கூடையாகிவிடும்.

உரத்துக்கு வாங்குபவர் யார் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். சுரபாயாவில் உரக்கூடங்களின் உரம் நகரப் பூங்காக்களுக்கே போயிற்று. விற்று லாபம் பார்க்கலாம் என்று திட்டம் எழுதினால், சாக்கும் வண்டி வாடகையும் விலையைத் தின்றுவிடும்.

இதே கித்தக்யூஷு, கம்போடியாவின் நோம் பென் நகரத்துக்குக் குடிநீரில் உதவிய கதையும் தெரிந்துகொள்ளத்தக்கது. 1993-ல் அங்கே உற்பத்தியான தண்ணீரில் 72 சதவீதத்துக்குக் காசு வரவில்லை: ஓட்டைக் குழாய்கள், திருட்டு இணைப்புகள். அந்த ஆண்டு நகரக் குடிநீர் நிறுவனத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற எக் சொன் சான் மீட்டர் பொருத்தினார், ஊழலில் சிக்கியவர்களை நீக்கினார், செல்வாக்குள்ளவர்களிடமும் கட்டணம் வசூலித்தார். கித்தக்யூஷு பொறியாளர்கள் போனது 1999-ல். குழாய் வலையை வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் தொலைவிலிருந்தே பார்க்கும் முறையைக் கொடுத்தார்கள். ஊர் உறங்கும் இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் ஒரு வட்டாரத்தில் ஓட்டம் குறையவில்லை என்றால் அங்கே கசிவு இருக்கிறது. தேடும் இடம் ஊர் முழுவதிலிருந்து சில தெருக்களாகச் சுருங்கும். பின்னாளில் இழப்பு 6 சதவீத அளவுக்கு இறங்கியது. நேர்மையைக் கித்தக்யூஷு ஏற்றுமதி செய்யவில்லை. அது நோம் பென்னிலேயே முளைத்திருந்தது. வெளியார் நுட்பம் அதன்மேல்தான் நின்றது.

பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள். சென்னை மெட்ரோவுக்குக் கடன் தந்த, ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவே இதற்கும் கை கொடுக்கிறது, ஆனால் கடனாக அல்ல. உள்ளாட்சிகள் வெளிநாட்டு நகரங்களுக்குத் தொழில்நுட்பம் கொடுக்க அதில் தனித் திட்டம் இருக்கிறது. பயணம், பயிற்சி, சிறு கருவிகள் அதில் அடங்கும். பெரிய கட்டடம் அடங்காது. தொகை சிறிது என்பது குறையாகத் தோன்றும். உண்மையில் அது ஒரு காப்பு. உள்ளூர் மாநகராட்சி தன் பணத்தில் உரக்கூடம் கட்டினால்தான் திட்டக்காலம் முடிந்த மறுநாளும் அதற்குக் காவலாளி இருப்பார்.

இப்படியொரு உடன்பாட்டை எழுதுபவர்கள் இணைப்பில் சிலவற்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். தொடர்பு அதிகாரியாகப் பதவியைக் குறிப்பிட்டு, அவருக்கு ஒரு துணைப் பதவியும் போட வேண்டும். இடமாற்றம் வந்தால் கோப்பு யாரிடம் போகும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். தொடங்கும் முன்பே கிடங்குக்குப் போகும் குப்பையை எடைமேடையில் அளந்துவைக்க வேண்டும். குறைந்தது எட்டு நாள், வார இறுதியும் சேர்த்து, மழைக்கு ஒன்று வெயிலுக்கு ஒன்று என இரண்டு முறை. அது இல்லாமல் 30 சதவீதம் குறைந்தது என்று எவரும் சொல்ல முடியாது. உதிரிபாகம் உள்ளூர்க் கடையில் கிடைக்காத எந்தக் கருவியையும் பட்டியலில் சேர்க்கக் கூடாது. பயிற்சிக்கு வெளிநாடு அனுப்பப்படுபவர்களில் பாதிப் பேராவது உரக்கூடத்தில் மண்வெட்டி பிடிக்கும் மேற்பார்வையாளர்களாக இருக்க வேண்டும், மொழிபெயர்ப்பாளர் செலவு கூடினாலும் பரவாயில்லை. கையில் பிசறி ஈரம் பார்க்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.