ரீவிக்கு வயர் இழுங்கோ, வைபையை நம்பாதேங்கோ

படம் ஓடேக்க நடுவில வட்டம் சுத்தினா உடன அப்பா சொல்றது பெரிய இன்டர்நெட் பக்கேஜ் போடு எண்டு. ஆனா பிரச்சினை பக்கேஜ் இல்ல. நெட்ஃபிளிக்ஸ் கேக்கிறதே 1080பி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் வேகம், இன்னும் தெளிவான 4கேக்கு 15 தான், ரவுட்டருக்குப் பக்கத்தில நிண்டு போன்ல பாத்தா அதைவிட எவ்வளவோ கூட வருது, ரீவி இருக்கிற ஹோலுக்கு வரேக்கதான் செத்துப்போகுது.

திருகோணமலை உவர்மலைப் பக்கத்துப் பழைய வீடுகள் தெரியும்தானே, சுவர் ஒவ்வொண்டும் பிரெட்றிக் கோட்டை மாதிரி. வைபை ரெண்டு அலைவரிசையில வரும், 5 கிகாஹேர்ட்ஸ், 2.4 கிகாஹேர்ட்ஸ் எண்டு. 5 நல்ல வேகம், ஆனா உந்தச் சுவர் தாண்ட அதுக்குச் சீவன் இல்ல. 2.4 தாண்டும், ஆனா பக்கத்து வீட்டு ரவுட்டர், மைக்ரோவேவ், புளூடூத் எல்லாம் அதிலதான் வந்து முட்டுது. கடையில ரிப்பீட்டர் எண்டு வைபையைத் தூரத்துக்குக் கடத்திற பெட்டி தருவாங்கள், மலிவு சாமான் எண்டா ஒரே ரேடியோவாலயே வாங்கி அதாலயே திருப்பி அனுப்பும், வேகம் அரைவாசியாப் போயிரும், எனக்கு அது சரிவராது.

கேட் 5ஈ எண்ட நெட்வேர்க் வயர் ஒண்டை ரவுட்டரில இருந்து முகட்டுக்குள்ளால இழுத்து ரீவியில குத்துங்கோ, முடிஞ்சுது. 100 மீற்றர் வரைக்கும் ஓடும், கன ரீவியில அந்த வயர் குத்திற லான் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான், எண்டாலும் அது தாராளம். செம்பு வயரா எண்டு கேட்டு வாங்குங்கோ, செம்பு பூசின அலுமினியத்தையும் அதே முகத்தோட விக்கிறாங்கள். எங்கட கடற்காத்துக்கு முனை பச்சை பிடிச்சிரும், அதால வெளியால இழுக்காம விட்டா நல்லம்.

கறண்ட் ஒருக்கா வெட்டிட்டு வந்தாலும் ரவுட்டர் திரும்ப எழும்ப நேரம் எடுக்கும், அதுக்கு பற்றரி உள்ள சின்ன யூபிஎஸ் இருக்கு, 9 வோல்ட்டா 12 வோல்ட்டா எண்டு அடப்டரைப் பாத்திட்டு வாங்குங்கோ.