பத்மினி கார்: பிரேக் குழாய் ஒருவழியாக ஒழுகாமல் நிற்கிறது

ராத்திரி முழுக்க ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே செய்தித்தாள் விரித்து வைத்திருந்தேன். காலையில் ஒரு சொட்டுக்கூட இல்லை! பெடலும் அமுங்கிப் போகாமல் நிற்கிறது.

வண்டி 1978 மாடல் பிரீமியர் பத்மினி. யாரோ டிங்கரிங்குக்காகப் பாதி பிரித்துவிட்டு அப்படியே கைகழுவியது. இன்ஜின் தனியாக, கதவுகள் தனியாக, நட்டு போல்ட்டெல்லாம் பெயிண்ட் டப்பாவில் ஒன்றாகக் கலந்து கிடந்தன. அதனால்தான் என் பட்ஜெட்டுக்குள் வந்தது. 1089 சி.சி. இன்ஜின் கையால் சுற்றினால் சுற்றுகிறது, இப்போதைக்கு அது போதும்.

பிரேக் அப்படி விட முடியாது. நாலு சக்கரமும் டிரம் பிரேக், பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நாலுக்கும் போவது ஒரே சர்க்யூட். ஒரு முனை கசிந்தால் நாலுமே போச்சு. பழைய பண்டி டியூப் (எஃகு பிரேக் குழாய்) துருவேறித் தொட்டாலே உதிர்ந்தது. கடைக்காரர் ஒருவர் ஃபிரிட்ஜ் செம்புக் குழாயே தாங்கும் என்று அடித்துச் சொன்னார். தாங்காது சார். வெறும் செம்பு அதிர்வில் இறுகி வெடிப்பு விடும். செம்பு நிக்கல் கலந்த 4.75 மி.மீ. குழாய்தான் வாங்கினேன், விலை கொஞ்சம் கடிக்கிறது, ஆனால் கையாலேயே வளைகிறது.

வளைப்பது சுலபம், முனையை விரிப்பதுதான் உயிரை வாங்கியது. என் வண்டியில் இருந்தது இரட்டை ஃபிளேர். முதலில் அடாப்டர் என்ற சின்ன அச்சை வைத்து அழுத்தினால் முனை குமிழ்கிறது, அடுத்து கூம்பு வடிவக் கோனை வைத்து அழுத்தினால் அந்தக் குமிழ் உள்ளே மடிந்து ஊமத்தம்பூ போல விரிய வேண்டும், சுற்றிலும் ஒரே அளவாக. மலிவு விலை டூலில் பிடிப்பான் பற்கள் மெத்து, கோனை இறுக்க இறுக்கக் குழாய் பின்னால் நழுவி, வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்கிறது. கடைசியில் வழிக்கு வந்தது இப்படி: பிடிப்பானை வைஸில் மாட்டி, குழாய்க்குப் பக்கத்து நட்டை முதலில் இறுக்கி, பிறகுதான் தூரத்து நட்டு. குழாய் வெளியே நீட்டும் உயரம் அடாப்டரின் படி உயரம்தான், கண்மதிப்பு உதவாது. வெட்டிய முனையை உள்ளும் வெளியும் பிசிறு நீக்கி, ஒரு சொட்டு பிரேக் ஆயில் தொட்டு, கோனை அரைச்சுற்று இறுக்கிக் கால்சுற்று தளர்த்தி மெதுவாக இறக்கினால் ஒழுங்காக உட்காருகிறது. அந்த ஆயில் பெயிண்டில் பட்டால் உரித்துவிடும், தண்ணீர் பாட்டிலைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பிளீடிங், அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதை, வழக்கம்போல மாஸ்டர் சிலிண்டருக்கு அதிக தூரமான பின் இடது சக்கரத்தில் ஆரம்பித்தேன். பெடல் மிதிக்க வந்த தம்பி நான் சொல்லும் முன்பே காலை எடுத்து எடுத்துக் காற்றை உள்ளே இழுத்தான், அவனுக்கு பரோட்டா வாங்கிக் கொடுத்துப் பொறுமை வரவழைத்தேன்.

சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் முன்கதவுச் சின்னக் கண்ணாடிக்கு ரப்பர் பீடிங் தேடிப் போய், கையில் ஒரு ஜோடி ஹெட்லைட் ரிம்மோடு திரும்பினேன். குரோம் அசல், விடமுடியவில்லை. ஸ்டியரிங்கில் இருக்கும் கியர் ராடு லொடலொடக்கிறது, அதன் புஷ் வளையத்தை லேத்தில் பித்தளையில் கடைந்து தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். 2028-ல் வண்டிக்கு 50 வயது, விண்டேஜ் பதிவுக்குப் போடலாம் என்று இப்போதே கணக்குப் போடுகிறேன். பின்சக்கர பிரேக் ஷூ அட்ஜஸ்ட்மென்ட் இன்னும் பாக்கி. ஹேண்ட்பிரேக் கேபிளைத் தொடவே இல்லை.