இற்றுப்போதல்

மேலூர்ப் பக்கத்திலுள்ள எங்கள் ஊர்க் கிணற்றடியில், பார்வைக்கு உறுதியாகவே தெரிந்த கயிறு ஒன்றை அப்பத்தா இரு கைகளாலும் முறுக்கிப் பார்த்துவிட்டு, "இது இத்துப்போச்சுய்யா, வாளியக் கட்டாத" என்று சொன்ன நாளில்தான் இந்தச் சொல்லை நான் முதன்முதலாகக் கவனித்தேன்.

பேச்சில் 'இத்துப்போச்சு' என்று ஒலிப்பதன் எழுத்து வடிவம் 'இற்றுப்போயிற்று'. முறிதல், முடிதல் என்று பொருள்படும் 'இறு' என்பதே அதன் வேர். 'இறுதி'யும் அதிலிருந்து வந்ததுதான். மயிற்பீலியே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் 'அச்சிறும்' என்கிறது 475ஆம் குறள். அங்கே அது ஒரு நொடியில் நிகழும் முறிவு. எங்கள் பக்கத்துப் பேச்சிலோ, வெயிலும் ஈரமும் பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக வலுவைத் தின்ற பிறகு எஞ்சும் நிலையையே அது குறிக்கிறது.

மரம் உளுத்தால் மாவு கொட்டும், இரும்பு துருப்பிடித்தால் நிறம் மாறும். ஆனால் கயிறோ பழஞ்சேலையோ இற்றுப்போனதை, பெரும்பாலும் இழுத்துப் பார்த்துத்தான் அறிய முடியும். எல்லாவற்றுக்கும் 'சிதைவு' என்றே எழுதும்போது இந்த நுட்பம் தொலைந்துபோவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

அப்பத்தா அந்தக் கயிற்றை எறியவில்லை. இற்ற பகுதியை அறுத்துவிட்டு, மிச்சத்தை ஆட்டுக்குட்டி கட்ட வைத்துக்கொண்டார்.