உல்ரிக்கே மைன்ஹோஃப் கல்லறையை மூணாவது தடவைல கண்டுபிடிச்சேன்

பெர்லின்ல, ஜெர்மன் பத்திரிகையாளரா இருந்து ஆயுதப் போராட்டத்துக்குப் போன மைன்ஹோஃபோட கல்லறைக்குப் போறவங்க ஒண்ணு குறிச்சு வச்சுக்கங்க, ட்ரைஃபால்டிக்கைட்ஸ்ங்கிற பேர்ல அங்க மூணு கல்லறைத் தோட்டம் இருக்கு, நீங்க போக வேண்டியது மூணாம் நம்பர். எனக்கு இதை யாரும் சொல்லல. மொத நாள் பெர்க்மன் ஸ்ட்ராஸல இருக்கிற ரெண்டாம் நம்பருக்குப் போயி ரெண்டு மணி நேரம் வரிசை வரிசையா தேடினேன், வரலாற்றாசிரியர் மொம்சன் கல்லறை கிடைச்சுது, இவங்களோடது இல்ல. மறுநாள் ஒரு ஆபீசுக்கு போன் போட்டேன், பேரைச் சொன்னதுமே "சொந்தக்காரங்களா?"ன்னு கேட்டாங்க, இல்லன்னேன், வச்சிட்டாங்க.

அப்புறம் ஐஸனாஹர் ஸ்ட்ராஸன்னு அட்ரஸ் கிடைச்சுது. அதே பேர்ல யூ-7 லைன்ல ஸ்டேஷன் இருக்கேன்னு சந்தோஷமா போயி இறங்கினா அது ஷோனபெர்க் ஏரியா. கல்லறை இருக்கிற ஐஸனாஹர் ஸ்ட்ராஸ வேற, தெக்கால மரியன்டோர்ஃப்ல இருக்கு, அதுக்கு யூ-6 பிடிக்கணும். அந்த நாளும் போச்சு. நடுரோட்டுல அழுகையே வந்திடுச்சு.

இவ்வளவு ஏன் அலைஞ்சேன்னா, கொங்க்ரெட் பத்திரிகைல அவங்க எழுதினதைப் படிச்ச நாள்லேர்ந்து இந்த மனுஷியை என்னால விட முடியல. சீர்திருத்த விடுதிகள்ல அடைபட்ட பொண்ணுங்களைப் பத்தி அப்படி அக்கறையா எழுதினவங்க, ரெட்டைப் பொண்ணுங்களுக்கு அம்மா, 1970 மே 14 அன்னைக்கு கைதியா இருந்த ஆண்ட்ரியாஸ் பாடரைத் தப்பிக்க வச்சுட்டு அவரோடயே ஜன்னல் வழியா குதிச்சுப் போனாங்க, செம்படைப் பிரிவுங்கிற ஆயுதக் குழு அங்கதான் ஆரம்பிச்சுது. ரெண்டு வருஷத்துல அவங்க இயக்கம் வச்ச குண்டுகள்ல நாலு அமெரிக்க சிப்பாய்ங்க செத்தாங்க. அதை நான் நியாயப்படுத்தவே மாட்டேன். ஆனா அந்த ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்தவங்க எப்படி அந்தப் பக்கம் போனாங்கன்னு இன்னும் யோசிச்சுட்டேதான் இருக்கேன்.

மூணாவது தடவை யூ-6, பிரச்னை இல்லாம போயிட்டேன். உள்ள செடிக்குத் தண்ணி ஊத்திட்டிருந்த ஒரு பாட்டிகிட்ட கேட்டேன், என்னையே கொஞ்ச நேரம் பாத்தாங்க, அப்புறம் தண்ணி கேனோட கூடவே நடந்து வந்து காட்டினாங்க.

1976 மே 9 ஸ்டாம்ஹைம் ஜெயில்ல இறந்து கிடந்தவங்களை ஒரு வாரத்துக்குள்ள இங்க புதைச்சாங்க, மூளை இல்லாம. ஆராய்ச்சிக்குன்னு எடுத்து வச்சது 2002லதான் வெளிய தெரிஞ்சு, அந்த டிசம்பர்ல இதே இடத்துல கொண்டு வந்து சேர்த்தாங்க. பொண்ணுங்களுக்கே 26 வருஷம் தெரியாது. அங்க நிக்கறப்போ எனக்கு வேற எதுவும் ஓடல.

சாயங்காலம் போகாதீங்க, சீக்கிரம் இருட்டிடுது. பாட்டி கேனை என்கிட்ட கொடுத்துட்டுப் போயிட்டாங்க, மிச்சம் இருந்த தண்ணியை அங்க இருந்த செடிக்கு ஊத்திட்டுத்தான் கிளம்பினேன்.