அவன் வந்தானா

"என் பையன் வந்தானா, வரலையா? அதை மட்டும் சொல்லு, ஹனி." அந்த அம்மா முதலில் கேட்டது இதுதான். காசைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பல வருடமாக, காசுக்காகத்தான் கூப்பிட்டார் என்று எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அப்படிச் சொல்லிக்கொண்டால் கொஞ்சம் தூக்கம் வரும்.

2018. டெக்சாஸில் ஒரு கவுண்டி ஜெயில். அங்கே கவுண்டி ஜெயில் என்றால் பெரும்பாலும் தீர்ப்பு வராதவர்கள், ஜாமீன் பணம் கட்ட வழியில்லாமல் உள்ளே கிடப்பவர்கள். வீட்டிலிருந்தே வீடியோவில் பார்க்க 20 நிமிடத்துக்கு 8 டாலர். கார்டில் பணம் ஏற்ற தனியாக 3 டாலர். வசூலில் ஜெயிலுக்கும் ஒரு பங்கு போனது. வீடியோ வந்த பிறகு நேரில் பார்ப்பதையே நிறுத்திவிட்ட ஜெயில்கள் ஏராளம். ஜெயில் வாசல் வரை வந்தாலும், ஹாலில் இருக்கிற திரையில்தான் பிள்ளை முகம். புக்கிங் ஆகலை, சத்தம் வரலை என்று கூப்பிடுகிறவர்களுக்கு, இங்கே கால் சென்டரில் உட்கார்ந்து ராத்திரி முழுக்கப் பதில் சொல்கிற வேலை எங்களுக்கு.

லாக்கை, அதாவது யார் எப்போது வந்தார்கள் என்ற கணினிப் பதிவை, திறந்தேன். பையன் சரியான நேரத்துக்கு வந்து பின் நம்பர் போட்டிருக்கிறான். 11 நிமிடம் 40 விநாடி உட்கார்ந்திருக்கிறான். கோளாறு அம்மா பக்கம். கேமராவுக்கு அனுமதி கேட்டு வந்த பெட்டியை மூடிவிட்டார். அவர் திரையில் 'காத்திருக்கவும்'. அவன் திரையிலும் அதே வரிதான் இருந்திருக்கும்.

கைதி வராவிட்டால் பணத்தைத் திருப்பி வரவு வைக்கலாம். பார்க்க வருகிறவரின் கருவியில் கோளாறு என்றால் கிடையாது. விதி அவ்வளவுதான்.

நான் ஹோல்டில் போடுவதற்குள் அவரே தொடர்ந்தார். "போன வாரம் வக்கீல் விஷயத்துல அவனைத் திட்டிட்டேன். அந்தக் கோபம். வரமாட்டேன்னு சொல்லியிருப்பான்."

"ஆமாம் மேம், அவர் கனெக்ட் ஆகவில்லை. உங்கள் 8 டாலரை வரவு வைத்துவிடுகிறேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு "சரி, ஹனி" என்றார்.

அன்று விடியற்காலை கேபில் திரும்பும்போது நல்ல காரியம் செய்த நினைப்பு. பக்கத்து சீட் பெண்ணிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன். 8 டாலர் அந்த அம்மாவுக்குச் சின்னத் தொகை இல்லை. பழைய அழைப்புகளின் குறிப்பைப் பார்த்தாலே தெரியும், ஐந்து ஐந்து டாலராக ஏற்றுகிறவர். அவருக்குப் பணம் வேண்டும், நான் வாங்கிக் கொடுத்தேன். பொய் அவர் வாயிலிருந்து வந்தது, நான் தலையாட்டினேன், அவ்வளவுதானே.

உண்மையைச் சொல்லிவிட்டுப் பணத்தையும் வரவு வைத்திருக்கலாமே என்று யாராவது கேட்பீர்கள். அழைப்பு பதிவாகிறது. அழைப்புகளைச் சோதிக்கிற க்யூ.ஏ. ஆட்கள் கேட்டால், வாயில் ஒன்று, டிக்கெட்டில் (அழைப்பைப் பற்றி நாங்கள் பதிகிற குறிப்பில்) ஒன்று என்று தப்பு மார்க் போடுவார்கள். அந்த மாதம் எனக்கு ஏற்கெனவே இரண்டு மார்க். மூன்றாவது விழுந்தால் 1,500 ரூபாய் இன்சென்டிவ் போய்விடும். 'வரவில்லை' என்று சொல்லி 'வரவில்லை' என்று பதிந்தால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. இந்தக் கணக்கு அந்த நொடியில் என் மனதில் ஓடியதா, பின்னால் நானே சேர்த்துக்கொண்டதா, தெரியவில்லை. ஓடியிருக்கும்.

வாஷிங்டனில் மார்த்தா ரைட் என்று ஒரு பாட்டி. சிறையில் இருந்த பேரனோடு போனில் பேசக் கட்டுப்படியாகாமல் 2003-ல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்திடம் மனுப் போட்டவர். அவர் பெயரிலான சட்டம் 2023 ஜனவரியில்தான் கையெழுத்தானது. அதற்குள் அவர் இறந்து ஏழெட்டு வருடம். அந்தச் சட்டத்தின்படி 2024-ல் ஆணையம் பெரிய ஜெயில்களில் வீடியோவுக்கு நிமிடத்துக்கு 11 சென்ட் என்று உச்சவரம்பு வைத்தது. அடுத்த வருடமே அதைத் தள்ளிப்போட்டார்கள். செய்தியைப் படித்ததும் என் விரல் தானாகக் கணக்குப் போட்டது: 20 நிமிடம், 2 டாலர் 20 சென்ட். அந்த விலை இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று தோன்றியது. பழியைத் தூக்கி விலையின் தலையில் வைப்பது எவ்வளவு வசதி! அந்த லாக்கும் அந்த க்யூ.ஏ.வும் 2.20-லும் அப்படியேதான் இருந்திருக்கும்.

இன்னொன்று. உண்மை தெரிந்திருந்தால், தன் தப்பால் பிள்ளை காத்துக் கிடந்தான் என்று அவர் இன்னும் அதிகமாக அழுதிருக்கலாம். எங்கள் டீம் லீடர் இதைத்தான் சொன்னார். அவர் சொன்னபோது நிம்மதியாக இருந்தது; அவர் எதற்கும் ஒரு நிம்மதி வைத்திருப்பார்.

டிக்கெட் இல்லாமல் ஒருவர் கணக்கைத் திறக்கக்கூடாது. மூன்று வாரம் கழித்துத் திறந்தேன். 8 டாலர் அப்படியே இருந்தது, புதிய புக்கிங் ஒன்றும் இல்லை. பையனுக்கு ஜாமீன் கிடைத்திருக்கலாம். வேறு ஜெயிலுக்கு மாற்றியிருக்கலாம். அவன் வெளியே வந்துவிட்டானா என்று பார்க்க அந்த ஜெயிலின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் போதும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெயர் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. நான் தேடவில்லை.