லைட்டை மாற்றினால் நைட்ரேட் குறையுமா?

ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்திருக்கிற யாரிடம் நைட்ரேட் பற்றிக் கேட்டாலும் முதலில் தண்ணீர் மாற்றச் சொல்வார்கள், அடுத்து ஸ்கிம்மர், அதாவது கழிவை நுரையோடு இழுத்தெடுக்கும் கருவி. லைட் என்றால் பவளத்தின் நிறம், வளர்ச்சி, அதோடு பேச்சு முடிந்தது. போன மாதம் தெரிந்தவர் ஒருவர் பழைய டியூப்களைக் கழற்றிவிட்டு நல்ல எல்இடி மாட்டினார். 20 பிபிஎம் (லிட்டருக்கு 20 மில்லிகிராம்) இருந்த நைட்ரேட் மெல்ல மெல்ல இறங்கி 5க்கு வந்துவிட்டது. "லைட்டு நைட்ரேட்டை எரிச்சிடுமா என்ன?" என்று கேட்டார். எரிக்காது. ஆனால் அவர் பார்த்ததும் பொய் இல்லை.

முதலில் நைட்ரேட் எங்கிருந்து வருகிறது என்று ஒரு சின்னக் கணக்கு. புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். 45 சதவீதம் புரதமுள்ள உலர் தீனியை 1 கிராம் போட்டால் உள்ளே போவது 0.07 கிராம் நைட்ரஜன். அது முழுக்க நைட்ரேட்டாக மாறினால் 0.3 கிராமுக்குக் கொஞ்சம் மேல். 100 லிட்டர் டேங்கில் இது 3 பிபிஎம். தினமும் ஒரு சிட்டிகை போடுகிறவர்கள் வாரக் கடைசியில் எங்கே நிற்பார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கிம்மர் ஒரு பங்கை முன்கூட்டியே இழுத்துவிடும், பாறைக்குள் ஆக்சிஜன் எட்டாத இடத்தில் இருக்கும் பாக்டீரியா இன்னொரு பங்கை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே விடும். அந்த பாக்டீரியாவுக்கு லைட் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

லைட் தேவைப்படுவது பாசிக்கு. நைட்ரேட்டை உள்ளே இழுத்து அம்மோனியமாக மாற்றிய பிறகுதான் பாசியால் அதைப் புரதமாக்க முடியும், அந்த மாற்றத்துக்கு நிறைய சக்தி வேண்டும், சக்தி ஒளிச்சேர்க்கையிலிருந்து வருகிறது. அதனால் லைட் பலமானால் பாசி வேகமாக வளரும், தண்ணீரில் நைட்ரேட் குறையும். நண்பரின் டேங்கில் நடந்தது இதுதான். பின்பக்கக் கண்ணாடியிலும் பாறை இடுக்குகளிலும் பச்சை முடிப்பாசி செழித்திருந்தது, இறங்கின நைட்ரேட் அதற்குள் உட்கார்ந்திருந்தது. டேங்கை விட்டு ஒரு மில்லிகிராம்கூட வெளியே போகவில்லை. இப்போது பாசி ஒழியட்டும் என்று மூன்று நாள் லைட்டை அணைத்து வைத்தால் அது செத்து, அழுகி, வாங்கினதை எல்லாம் திருப்பிக் கொடுக்கும். கையால் பிடுங்கி எடுத்துவிட்டு அப்புறம் அணையுங்கள்.

ஆகவே லைட்டை வைத்து நைட்ரேட்டைக் குறைக்க வேண்டும் என்றால் பாசி எங்கே வளர வேண்டும் என்பதை நாம் முடிவு செய்ய வேண்டும். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் ஆய்வு நிறுவனத்தில் வால்டர் ஏடி என்ற விஞ்ஞானி கண்டுபிடித்த வழி இதுதான்: வலைத்திரையில் தண்ணீரை ஓடவிட்டு, மேலே பலமான லைட் போட்டு, அங்கே படரும் பாசியைச் சுரண்டி எடுப்பது. 1982இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். நம்மில் பலர் செய்வது அதைவிட எளிது: டேங்குக்குக் கீழே இருக்கும் சம்ப் என்ற துணைத் தொட்டியில் ஒரு அறையை ரெஃப்யூஜியமாக, அதாவது பாசிக்கென்று, ஒதுக்கி அதில் சீட்டோ (கீட்டோமார்ஃபா) என்ற பாசியை வளர்ப்பது. நைலான் நூல் சிக்கிக் கிடப்பதுபோல ஒரு பச்சை உருண்டை, பாறையைப் பிடிக்காது, இலகுவாக எடுத்துவிடலாம். காலர்ப்பா என்ற இன்னொரு பாசி வேண்டாம் என்பேன், அது ஒரே ராத்திரியில் வெளுத்து உடைந்து எல்லாவற்றையும் தண்ணீரில் கொட்டும் பழக்கம் உள்ளது.

பலரும் சறுக்குகிற இடம் ரெஃப்யூஜியம் லைட்தான். பவளம் இருக்கும் மேல் டேங்கின் லைட்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு கீழே ஒரு மங்கலான கிளிப் லைட், பிறகு சீட்டோ வளரவில்லை என்று புலம்பல். 660 நானோமீட்டர் அருகே சிவப்பும் 450 அருகே நீலமும் உள்ள செடி வளர்ப்பு எல்இடி போதும், பார்க்க விகாரமான ஊதா நிறம், கீழே கதவுக்குள் யார் பார்க்கப்போகிறார்கள்? அதை ராத்திரியில் எரியவிடுங்கள். மேலே பவளங்கள் இருட்டில் இருக்கும்போது கார்பன் டை ஆக்சைடு கூடி பிஎச் இறங்கும், அந்த நேரத்தில் கீழே சீட்டோ அதை எடுத்துக்கொள்ளும்.

அறுவடைக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். நீர் வடிந்த சீட்டோ 100 கிராம் என்றால் உலர் எடை தோராயமாக 10 கிராம், அதில் 3 சதவீதம் நைட்ரஜன் என்று வைத்தால் 100 லிட்டரில் 13 பிபிஎம் நைட்ரேட்டுக்குச் சமம். ஒரு கைப்பிடிக்கு இது பெரிய விஷயம். தூக்கிப்போடுவதற்கு முன் டேங்க் தண்ணீர் உள்ள வாளியில் நன்றாக உதறுங்கள், நகக்கண் அளவு இறால் பூச்சிகளும் குட்டி நட்சத்திர மீன்களும் கொட்டும், அவற்றை வடிகட்டித் திரும்ப விடலாம். வளர்ச்சி நின்றுவிட்டால் லைட்டைக் கூட்டுவதற்கு முன் பாஸ்பேட்டைப் பாருங்கள், பாசிக்கு அதுவும் வேண்டும். பாஸ்பேட்டை உறிஞ்சும் ரெசின் போட்டு அதைப் பூஜ்யமாக்கி வைத்திருந்தால் எந்த லைட்டும் உதவாது.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு நடுவில் ஒரு வார்த்தை: கல்பவளங்கள் அங்கே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அதனால் டேங்கில் போட மன்னார் வளைகுடாப் பவளப் பாறை என்று யாராவது விற்றால் தொடாதீர்கள். காய்ந்த பாறையில் தொடங்கினால் உள்ளே பாக்டீரியா நிலைகொள்ள மாதக்கணக்காகும், அதுவரை ரெஃப்யூஜியம்தான் கைகொடுக்கும்.

இன்னொன்று, டெஸ்ட் கிட் நிறத்தை டேங்கின் நீல லைட்டுக்குக் கீழே வைத்துப் படிக்காதீர்கள். இளஞ்சிவப்பு எல்லாம் அங்கே வேறு நிறமாகத் தெரியும், 5ஆ 20ஆ என்று சத்தியம் பண்ண முடியாது. ஜன்னலோரம் போங்கள்.

சரி, நைட்ரேட் பூஜ்யமாகிவிட்டால்? அதுவும் வம்புதான். பவளத்துக்குள் இருக்கும் நுண்பாசிக்கும் நைட்ரஜன் வேண்டும். லைட்டை ஏற்றி, உணவை இறக்கினால் பவளம் வெளிறிப்போகும். மறுபக்கம், சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகக் குழு 2013இல் காட்டியது: நைட்ரேட் மட்டும் கூடி பாஸ்பேட் பற்றாக்குறையானால் வெப்பத்திலும் ஒளியிலும் பவளம் எளிதில் வெளுக்கிறது. நான் 2 முதல் 10 பிபிஎம்முக்குள் வைத்திருக்கப் பார்க்கிறேன். அதற்குக் கீழே போனால் ரெஃப்யூஜியம் டைமரை 14 மணி நேரத்திலிருந்து 10 ஆக்குவேன், போதாவிட்டால் 8. சிலர் அந்த லைட்டை முழுசாக எரியவிட்டுக்கொண்டே பாட்டிலில் நைட்ரேட் வாங்கி ஊற்றுகிறார்கள், மின்சாரத்துக்கும் காசு, பாட்டிலுக்கும் காசு, என்ன கணக்கோ எனக்குப் புரியவில்லை.