ஹார்பின் ஆர்செனிக்

‘நாட்டு வைத்தியத்துக்கு ஆய்வுக்கட்டுரை எங்கே?’ன்னு யாராவது கேட்டா எனக்கு வடகிழக்குச் சீனாவின் ஹார்பின்தான் ஞாபகம் வரும். அங்கே ஒரு நாட்டுச் செய்முறை: ஆர்செனிக் (பாஷாணம்), பாதரச உப்பு, தேரை விஷம். (கேட்டாலே வயிறு கலங்குது இல்ல?) 1970களில் ஹார்பின் மருத்துவர் ஜாங் டிங்டாங் குழு ஒவ்வொண்ணா கழிச்சுப் பார்த்து, ரத்தப் புற்றுக்கு வேலை செய்றது ஆர்செனிக்னு பிடிச்சாங்க. முதல் கட்டுரை 1973லேயே வந்தாச்சு, ஆனா உள்ளூர் மருத்துவ இதழில், சீன மொழியில். வெளியே யார் படிச்சா? ஷாங்காய் ஆய்வாளர்களும் கைகோத்து 1996, 97இல் ‘பிளட்’ இதழில் ஆங்கிலத்தில் எழுதின பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2000இல் ஆர்செனிக் மருந்துக்கு அமெரிக்க அனுமதி. இன்னைக்கு ஏபிஎல் (அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா) வகை ரத்தப் புற்றில் பலருக்கு ரெட்டினாயிக் அமிலத்தோட (வைட்டமின் ஏ சார்ந்த மருந்து) சேர்த்துக் கொடுக்கறாங்க.

பாரம்பரியப் பெருமை பேசறவங்க இந்தக் கதையைச் சொல்றப்ப, பாதரசத்தையும் தேரையையும் கழிச்சதை மட்டும் வசதியா விட்டுடறாங்க.